கவனக்குறைவு என ஒரு கையெழுத்து

ஆவணி 9, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் கொளுத்துகிறது. மழை வரும் வரும் என்று ரேடியோ ஒரு வாரமாகச் சொல்கிறது. வராமல் இருந்தால் பட்டாசுக் கம்பெனிக்கு நல்லது. மருந்து காயும். சீசன் வேறு. லீவு கேட்டால் முதலாளி முறைப்பார். கேட்கவும் இல்லை.

வாங்க வேண்டியது: புளி, சோப்பு, அடுப்படிக்கு பல்பு, பாலாவுக்குச் சாத்தூர்ச் சேவு. அவன் எங்கே வரப்போகிறான். சேவு வேண்டாம்.

பாலாவுக்கு போன்: காலை ஒன்று, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எடுக்கவில்லை. விமானம் தரை இறங்கும்போது சக்கரத் தண்டு முறிந்து மூன்று வாரம் ஆகிறது. இரண்டு பயணிகள் செத்துப்போய்விட்டார்கள். அந்த விமானத்தை முந்தின நாள் சோதித்து, பறக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட டெக்னீசியன் என் மகன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சென்னையில் அவன் ஒரு ரூமில் தனியாக. சிவகாசியில் நான் ஒரு வீட்டில் தனியாக. அவன் அம்மா இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாள். நான் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன். வெட்கக்கேடு.

ஆவணி 10, செவ்வாய்

பல்பு மாற்றியாச்சு. ரசம் ஒரே புளிப்பு. அவள் போய் ஐந்து வருஷம், ஒரு ஆளுக்கு ரசம் வைக்க இன்னும் அளவு பிடிபடவில்லை.

டிவியில் செய்தி. விமானத்தைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி அறிக்கை விட்டிருக்கிறது. எங்கள் தயாரிப்பில் குறை ஏதும் இல்லை, பராமரித்தவர்களின் கவனக்குறைவே காரணம். வாசிக்கிற பொண்ணு சிரித்த முகமாகவே வாசித்துவிட்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. அணைத்தேன்.

கவனக்குறைவு. எனக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. இன்றைக்கு அதைப் பற்றி எழுத வேண்டாம்.

குழாயடியில் பக்கத்து வீட்டுச் சரசு யாரிடமோ: "போர்மேன் மவன்தான் அந்தப் பிளேனப் பாத்தானாம். ஒளுங்காப் பாக்கலையாம்ல. ரெண்டு உசுரு போச்சே!" என்னைக் கண்டதும், "அண்ணாச்சி, நீங்க மொதல்ல பிடிங்க." பிடித்தேன். குடம் நிறைகிற வரைக்கும் எல்லோரும் என் குடத்தையே பார்த்தார்கள். தண்ணீர் வேறு நூலாகத்தான் வந்தது.

ஆவணி 12, வியாழன்

பாலா வந்துவிட்டான்!

காலை ஆறு மணி, வாசலில் பையோடு நிற்கிறான். தாடி, கன்னம் ஒட்டிப்போய். வா என்று சொல்லத் தெரியவில்லை எனக்கு. "ஏம்லே போன எடுக்கல?" என்று கத்தினேன். புத்தி அப்படி. அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எடுத்து என்னத்தப்பா சொல்ல?" என்றான்.

கடை இட்லி வாங்கி வந்தேன். இரண்டுதான் தின்றான். நானும் இரண்டு. மிச்சம் ஆறு.

பிறகு அவனாகவே சொன்னான். "அந்தச் சக்கரத் தண்டுக்குள்ள ஒரு பின்னு இருக்குப்பா. அதுல உள்ளுக்குள்ள கீறல். வெளிய இருந்து பாத்தா யாருக்கும் தெரியாது. கழட்டிப் பாக்கணும்னு அவுக குடுத்த புஸ்தகத்துல எங்கனயும் இல்ல."

விமானத்தைச் செய்தவன் தருகிற புத்தகத்தில் உள்ளதை வரி வரியாகச் செய்து டிக் அடிப்பதுதான் இவன் வேலை. ஒன்றை விட்டாலும் தப்பு, ஒன்றைக் கூடுதலாகச் செய்தாலும் தப்பு. விபத்து நடந்து பத்தாம் நாள் அந்தப் புத்தகத்துக்குப் புதுப் பக்கம் ஒன்று வந்ததாம். அதில் புதிதாக ஒரே ஒரு வரி: பின்னைக் கழற்றிச் சோதிக்கவும்.

"வேற நாட்டுல முன்னாடியே இதே பின்னு கீறியிருக்குப்பா. அவுகளுக்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லல."

"அப்ப அவுகதானலே பொறுப்பு?"

"அவுகதான். யாரு கேக்கா?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அவன் ஆபீஸில் கொடுத்தது. பின்னைச் சோதிக்காமல் விட்டது என் கவனக்குறைவு, என்று ஒரு வாசகம். கீழே கையெழுத்துக்குக் கோடு. போட்டால் கேஸ் இல்லை, ஆறு மாதத்தில் வேறு ஊரில் வேலை. போடாவிட்டால் லைசென்ஸ் போகும், கேஸும் வரும். திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

"போட்டுரலாம்னு இருக்கேம்ப்பா. அம்புட்டுப் பெரிய கம்பெனியோட நான் மோதவா?"

கம்பெனிக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். நேரமாகவில்லை. கம்பெனி கேட்டே திறக்கவில்லை. வாட்ச்மேன் வருகிற வரைக்கும் வெளியே வெயிலில் நின்றேன்.

ஆவணி 13, வெள்ளி

லோடு இரண்டு போனது. நாலாம் அறையில் ரப்பர் விரிப்பு கிழிசல், மாற்றச் சொன்னேன்.

வீட்டில் இப்போது இரண்டு பேர். அவன் போனைப் பார்க்கிறான். நான் பேப்பரைப் பார்க்கிறேன். ஆள் இல்லாதபோது இருந்த தனிமையே தேவலை போல.

எழுதிவிடுகிறேன். இதை யார் படிக்கப்போகிறார்கள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பழைய கம்பெனி. மருந்து கலக்கும் அறையில் மாரிச்சாமி. நிதானமான கை. அறைக்குள் நுழையுமுன், உரசினால் பொறி கிளப்பும் சாவி, காசு, கத்தி ஏதாவது இருக்கிறதா என்று தன் இடுப்பைத் தானே இரண்டு தரம் தடவிப் பார்ப்பான். மற்றவர்கள் கேலி செய்வார்கள். அந்த வாரம் அலுமினியப் பவுடர் ஒரு புது ஆளிடமிருந்து வந்தது. டிரம்மைத் தொட்டால் சூடு. ஈரம் கண்ட பவுடர் அப்படித்தான் தானாகச் சுடும். முதலாளியிடம் சொன்னேன். "வெயில்ல கெடந்துச்சுய்யா, அதான். சீசன்ல திருப்பி அனுப்பச் சொல்றியா? போடு" என்றார்.

போட்டேன். மாரிச்சாமியிடம் டிரம் சுட்டதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் தொட மாட்டான், ஆர்டர் நின்றுவிடும். பத்தரை மணிக்கு அந்த அறை இல்லை. அவனும் இல்லை.

போலீஸ் வருமுன் ஆபீஸில் தாள் தயார். எப்போதுமே தயாராக டைப் அடித்து வைத்திருப்பார்கள். பேருக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டிருக்கும். வேகமாக உரசிக் கலக்கிய தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். போர்மேன் கையெழுத்து வேண்டும். நான்தான் போர்மேன். செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான். பவுடர் செய்து அனுப்பியவன் பேர் எந்தத் தாளிலும் கிடையாது. மிச்ச டிரம்களும் அன்று மதியமே எங்கேயோ போய்விட்டன.

பயந்து போட்டேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். அதுவும் பொய். வேலை போய்விடக்கூடாது என்று போட்டேன்.

ஆவணி 14, சனி

மதியம் சாப்பிடும்போது சொன்னேன்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதலே."

"ஏம்ப்பா?"

டிரம் சுட்டதிலிருந்து கையெழுத்து வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சோற்றில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை.

"நம்ம மாரிச்சாமி மாமாவா? பொங்கலுக்கு நமக்குக் கரும்பு கொண்டாருவாரே, அவரா?"

"அவன்தான்."

"அப்ப அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்கும் உங்களுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

அவன் தட்டில் ரசம் ஊற்றப் போனேன். தட்டை நகர்த்திக்கொண்டு, "பதினோரு வருசமா எப்பிடிப்பா தூங்குனீக?" என்றான்.

"நல்லாத்தாம்லே தூங்குனேன்."

உண்மை அதுதான். வேறு என்ன சொல்ல? கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டான். சோறு அப்படியே. மாட்டுக்குப் போட்டேன்.

ஆவணி 15, ஞாயிறு

மழை. நல்ல மழை. கொடியில் கிடந்த வேட்டி நனைந்தது.

பாலா சென்னைக்குக் கிளம்பினான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போனேன். அந்தத் தாள் அவன் பைக்குள்தான் இருந்தது. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பஸ் வந்ததும் அவனே சொன்னான்.

"நான் கையெழுத்துப் போடலப்பா. விசாரணையில அந்தப் புதுப் பக்கத்தக் காட்டி, தெரிஞ்சும் ஏன் மறைச்சீகன்னு கேக்கப்போறேன். வேல போனாப் போகட்டும்."

தோளில் கை வைக்கப்போனேன். ஒரு எட்டு விலகிக்கொண்டான்.

"நீங்க வெம்பக்கோட்டைக்குப் போயி மாரிச்சாமி மாமா வீட்டுல சொல்லுங்க. அதுக்கப்புறம் எனக்குப் போன் போடுங்க. அதுவரைக்கும் வேண்டாம்."

ஏறிவிட்டான். ஜன்னல் பக்கம்தான் சீட்டு. திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் பஸ் போன பிறகும் குடையோடு நின்றுகொண்டிருந்தேன். "பெருசு, ஓரமாப் போங்க" என்று கண்டக்டர் ஒருவர் அதட்டினார்.

ஆவணி 16, திங்கள்

லீவு சொன்னேன். முதலாளி முறைத்தார். முறைக்கட்டும்.

வெம்பக்கோட்டை பஸ்ஸில் இரண்டு முறை இறங்கித் திரும்பிவிடப் பார்த்தேன். மாரிச்சாமியின் மனைவி காளியம்மாள் தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கையில் தூக்குவாளி. தலை பாதி நரைத்துவிட்டது. "அடியாத்தே, போர்மேன் அண்ணாச்சியா! வாங்க, உக்காருங்க. காப்பி போடட்டா?" என்றாள். அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்திருந்தால் வார்த்தை வந்திருக்காது. டிரம் சுட்டது, எனக்குத் தெரியும், அவனிடம் சொல்லவில்லை, அவன் மேல் ஒரு தப்பும் இல்லை, தாளில் உள்ளது பொய். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், எழுதியும் தருகிறேன்.

அழுவாள், ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்றுதான் நினைத்து வந்தேன். ஒன்றும் இல்லை. தூக்குவாளி மூடியை அழுத்தினாள். மூடியிருந்ததையே மறுபடி மறுபடி அழுத்தினாள்.

"பிள்ளைக எதையாச்சும் கீள போட்டு ஒடைச்சா, ஒங்கப்பன் மாதிரி கவனமில்லாமத் திரியாதீகன்னு சொல்லிச் சொல்லித்தான் அண்ணாச்சி அடிச்சேன்" என்றாள். "அவுகப்பா பேரச் சொல்லிச் சொல்லியே அடிச்சேன்."

பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். மகள் வந்தாள். பள்ளிக்கூட யூனிபார்ம், ஒரு பக்கம் மட்டும் சடை பின்னியிருந்தது. தகப்பனின் மூக்கு. காளியம்மாள் அவள் கையைப் பிடித்து என் முன்னால் நிறுத்தினாள்.

"இவகிட்ட மறுபடி சொல்லுங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

சொன்னேன்.