இன்னொரு தடவை நின்னா

ஹார்க்பெக், யார்க்‌ஷயர்
மார்ச் 1971, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் டெரிக்குக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்க நான் சுகம், வண்டி பாதி சுகம், உன் அத்தை ஈனிட்டுக்கு முழங்கால்தான் வலி, வாய் நல்ல சுகம். அங்க கனடாவுல அந்தப் பாழாப்போன பனியில நீயும் கரோலும் குட்டிப் பையன் நீலும் இருமல் சளி இல்லாம இருக்கணும், அதுதான் எனக்கு எந்நேரமும் நினைப்பு. விமானத்துக்கு டிக்கெட் சொல்லி வைக்கட்டுமான்னு கேட்டு நீ எழுதின கடிதம் வந்துச்சு. பதில் எழுதணும்னு உட்காருறேன், எழுந்துடறேன், டீ போடறேன், குடிக்க மறந்துடறேன். இப்பக்கூட மழை தூறுதான்னு ரெண்டு தடவை ஜன்னலுக்கு ஓடிட்டு வந்தேன், ஏன்னா ஈரம் பட்டா வண்டி முரண்டு பிடிக்கும். உங்கப்பா போனதுலேர்ந்து என் கால் ஒரு இடத்துல நிக்கறதில்லடா. உட்கார்ந்தா அழுகை வருது, அதான் உட்காரறதில்ல.

கிறிஸ்துமஸுக்கு, வண்டி என்னை நடுவழியில விட்டுடுச்சுன்னு கேட்டு நீ போன்ல அந்தக் கத்து கத்தினப்ப நான் ஒரு வார்த்தை கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். இந்த வண்டி இன்னொரு தடவை வழியில நின்னா வேலைய விட்டுட்டு உங்ககிட்டயே வந்துடறேன்னு சொன்னேன். உன் பயம் எனக்குப் புரியுது. ஆனா பஸ்ஸை நிறுத்திட்டானுங்க, நான் சமைக்கிற பள்ளிக்கூடம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு, நான் என்ன பறந்தா போக முடியும்? இந்த வயசுல முதல் வண்டி வாங்கறோமே, பாதிரியார் விக்கிற காராச்சேன்னு நம்பி வாங்கினேன். கடவுள் மேல அவ்வளவு நம்பிக்கை இருக்கிறவர்தான் இதை ஓட்ட முடியும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. இந்தச் சனியன் என்னைப் படிக்க வச்சிருச்சு. தரையில எண்ணெய் சொட்டினா கவலைப்படாதே, சொட்டறது நின்னாதான் உள்ள எண்ணெய் தீர்ந்துபோச்சுன்னு கவலைப்படணும்னு தெரிஞ்சுக்கிட்டேன். ராத்திரி எப்பவும் இறக்கம் பார்த்துதான் நிறுத்தறேன், காலையில கிளம்பலைன்னா உருட்டி விட்டு கியரைப் போட்டா பிடிச்சுக்கும். மழை நாள்ல பிளக் ஒயர் சேர்ற மூடிக்குப் பாத்திரம் கழுவற ரப்பர் கையுறைய மாட்டி, விரல் நுனிய வெட்டி ஒவ்வொரு ஒயரையும் ஒவ்வொரு விரல் வழியா விட்டிருக்கேன். பார்க்க மாட்டு மடி மாதிரி இருக்கு, ஆனா சொட்டு ஈரம் உள்ள போகாது. பேட்டரிய மாத்தினப்பதான் மானம் போச்சு. இந்தப் பழைய வண்டிங்கள்ல கூட்டல் குறி போட்ட பக்கம்தான் வண்டியோட உடம்புல சேரணுமாம், நான் கழித்தலைச் சேர்த்துட்டேன். ஒயர்லேர்ந்து புகை வந்துச்சு பாரு! கராஜ்காரன் ஸ்டான் அதை மதுக்கடை பூரா சொல்லிச் சிரிச்சிருக்கான், பாட்டி சமையலை வண்டியிலயும் ஆரம்பிச்சுட்டாளான்னு.

சரி, சுத்தி வளைச்சது போதும். வியாழக்கிழமை வண்டி நின்னுடுச்சு. காலையில பல் செட்டைச் சரிபண்ணணும்னு ஈனிட்டும் கூட வந்தா. மேட்டு உச்சியில, சுத்தி ஆடுங்களைத் தவிர ஒரு ஜீவன் இல்ல, ரெண்டு இருமல் இருமிச்சு, அவ்வளவுதான். உன் அத்தை சும்மா இருப்பாளா, முடிஞ்சுதுடி மேவிஸ், கனடாவுக்குப் பெட்டியக் கட்டுன்னா. எனக்கு முதல்ல உனக்குக் கொடுத்த வார்த்தைதான் ஞாபகம் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல அத்தனை பிள்ளைங்க சாப்பாட்டுக்குக் காத்திருக்குமேங்கறதுகூட அப்புறம்தான் தோணுச்சு. வாயை மூடு ஈனிட்னு சொல்லிட்டு இறங்கினேன். வண்டி ஓட பெட்ரோலும் வரணும், நெருப்புப் பொறியும் வரணும், நின்னா ரெண்டுல எது வரலைன்னு முதல்ல கேளு, அழறது அப்புறம். சாவியத் திருப்பிவிட்டுக் காதை வச்சேன். பெட்ரோல் பம்பு டிக் டிக்னு அடிக்கணும், அடிக்கல. ஷூவைக் கழட்டி, அதோட குதிகாலால பம்பு மண்டையில நச்சுன்னு ஒண்ணு போட்டேன். ஒண்ணுமில்ல. இன்னொண்ணு போட்டேன், டிக் டிக் டிக்! ஒரு கால்ல ஷூ இல்லாம சேத்துல நின்னுக்கிட்டு நான் பைத்தியம் மாதிரி சிரிச்சேன் டெரிக். உங்கப்பா போனப்புறம் அப்படிச் சிரிச்சதே இல்ல. மதியச் சாப்பாடு நேரத்துக்குப் போச்சு, ஒரு பிள்ளையும் பட்டினி இல்ல.

திரும்பி வரும்போது ஈனிட் குரலைத் தாழ்த்தி, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், நிக்கவே இல்லைன்னு அவனுக்கு எழுதிடுன்னா. என்னை அனுப்ப அவளுக்கும் மனசில்ல, வாய்தான் அப்படி. நானும் மூணு நாளா அப்படித்தான் எழுதப் பார்த்தேன், கை வரல. பெத்த பிள்ளைகிட்ட என்னத்துக்குப் பொய்? வண்டி நின்னுச்சு, நான் வார்த்தை கொடுத்ததும் நிஜம். அந்த வார்த்தையக் காப்பாத்தப் போறதில்ல. கோவம் வரும், வரட்டும், கரோல்கிட்ட நாலு திட்டு திட்டிட்டு அப்புறம் இந்தக் கடிதத்தை இன்னொரு தடவை படி. உங்க வீட்டுல எனக்கு ஒரு குறையும் இருக்காது, தெரியும். ஆனா அங்க நான் நாள் பூரா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கணும். அதுதான் என்னால ஆகாது.

பேரனைப் பார்க்கணும்னு எனக்கும் நெஞ்சு அடிச்சுக்குது. அதனால கோடை லீவுக்கு வர்றேன், டிக்கெட் சொல்லி வை. நீயும் கரோலும் குழந்தையும் நோய்நொடி இல்லாம நூறு வருஷம் நல்லா இருக்கணும். குழந்தை காதை மூடித் தொப்பி போட்டு விடுங்க. டிக்கெட் எடுக்கும்போது மறந்துடாதே, திரும்பி வர்றதுக்கும் சேர்த்து எடு, செப்டம்பர்ல பள்ளிக்கூடம் திறந்துடுவாங்க.

உன்னையே நினைச்சிருக்கும் அம்மா,
மேவிஸ் த்வெயிட்