கடல் நிறுத்தும் நாளின் இரட்டைப் படி

திரு நிலைக்க, மழை தவறாதிருக்க, கொற்றம் ஓங்குக.

நிலத்தை ஆள்வோர் உலகில் பலர். கடலை ஆள்பவர் ஒருவரே. அலை மறித்த பெருமானும், ஓதம் ஒடுக்கிய உரவோனும், முழுப் பொன்னால் வார்த்து யானைகள் இழுத்துவந்து நிறுத்திய சிங்காதனத்தில் வீற்றிருந்து நெய்தற்கோட்டை நாடு புரப்பவருமாகிய மாமன்னர் வங்கவேள் கடலடக்கியாரின் பேரமைச்சர் கீரந்தையார், மேட்டுநாடு காக்கும் குறுநில மன்னர் கோடன் சாத்தனாருக்கு விடுக்கும் ஓலை. கடல்நீர் பேரமைச்சரின் கணுக்கால் வரை நிற்பதால் ஓலை சற்று விரைவாக எழுதப்படுகிறது, பிழை பொறுக்க.

தேனும் தினையும் குறையாத உமது குன்றுகள் நலமா? உம் தேவியாரும் மக்களும் களிறுகளும் நலமா? இங்கு யாவரும் நலம் என்று எழுதுவது மரபு. ஆதலால் இங்கு யாவரும் நலம்.

இனிச் செய்தி. நெய்தற்கோட்டை கடலைவிடத் தாழ்ந்த நிலம் என்று எம் அவையில் பேசுவது குற்றம். ஓலையில் எழுதுவது பற்றிச் சட்டம் ஏதும் சொல்லவில்லை. அமாவாசையும் பௌர்ணமியும் எம் நாட்டில் ஓய்வு நாள்கள். அன்று உழவர் ஏர் தொடார், கொல்லர் உலை மூட்டார். கடல் மட்டும் அந்நாள்களில்தான் ஏறி வரும். மன்னர் கரைமேல் நின்று, உடைவாளை உயர்த்தி, நில் என்று ஆணையிடுவார், கடல் நிற்கும், மக்கள் ஆர்ப்பரிப்பர். அவ்வேளையில் கரையின் பின்னே, ஒரு பட்டுத்திரைக்கு அப்பால், மதகுப் பணியாளர் வடம் பிடித்துப் பலகைகளை இறக்கிக்கொண்டிருப்பர். மன்னர் கடலை நிறுத்தும் காட்சியில் வியர்த்த முதுகுகள் தென்படுவது அழகன்று என்று முற்காலத்து அமைச்சர் ஒருவர் கட்டுவித்த திரை அது. ஊரே ஓய்ந்திருக்கையில் உழைப்பதற்காக அப்பணியாளருக்கு அன்று இரட்டைப் படி நெல் அளப்பது வழக்கம். மற்ற நாள்களின் ஒற்றைப் படி ஒரு குடும்பத்தின் கஞ்சிக்குக் காணும், சோற்றுக்குக் காணாது.

திரை கட்டியவர் மறைந்தார், திரை இருந்தது. காலப்போக்கில் அதன் பின்னே யார் என்பதை அவை மறந்தது. சென்ற மாதம் பண்டாரத் தலைவர் பொற்கண்ணனார் அங்கே நெல் அளப்பதைக் கண்டு திடுக்கிட்டு, கடல் வாளுக்கு அஞ்சி நிற்கையில் வடம் இழுப்போருக்கு இரட்டைப் படி எதற்கு என்று மன்னரிடம் முறையிட்டார். மன்னர் பேரமைச்சரை நோக்கினார். பேரமைச்சருக்கு உண்மை தெரியும். சொன்னால் தம் தலை போகும், சொல்லாவிட்டால் ஊர் போகும். தலை கழுத்தின் மேலேயே இருந்தது. கடல் அப்போது தொலைவில் இருந்தது. பண்டாரத் தலைவரின் கருத்து பொருத்தமானதே என்று அவர் மொழிந்தார். இரட்டைப் படி நின்றது.

மதகுக் கூட்டத்தின் தலைவி செம்பி என்பவள் அவைக்கு வந்தாள். அவள் சொல் அவைக்கு ஒவ்வாததாயினும் அவ்வாறே கீறப்படுகிறது: “ராசா வாளத் தூக்குனாலே கடலு நின்னுடுமாமே சாமி, அப்பறம் எங்க கையி எதுக்கு? ஊரு ஓய்வா இருக்கற அன்னைக்கு நாங்களும் புள்ளகுட்டியோட ஒக்காந்து தின்னுட்டுப் போறோம். கடல நீங்களே பாத்துக்குங்க.” அவை நகைத்தது. பேரமைச்சரும் நகைத்தார், சற்றுப் பிந்தி. மறுநாள் அக்கூட்டத்தார் மேட்டுநாட்டுச் சாலையில் நடந்து சென்றதை அவர் மாடத்திலிருந்து கண்டார். ஆடு கோழியோடு அம்மிக்கல்லையும் தலையில் ஏற்றிச் சென்றனர். ஒரு நாள் விருந்துக்குப் போகிறவர் அம்மிக்கல்லைச் சுமப்பதில்லை என்பது அப்போதே அவர் நெஞ்சில் உறைத்தது.

அமாவாசை வந்தது. மன்னர் வாளை உயர்த்தி நில் என்றார். கடல் நிற்கவில்லை. முதல் முறை அதன் காதில் விழவில்லை போலும் என்று பண்டாரத் தலைவர் எடுத்துரைக்க, மன்னர் உரக்க ஆணையிட்டார். கடல் அவர் செருப்பில் ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தது. படைத்தலைவர் வீரர்களை வடத்துக்கு ஓட்டினார். ஓய்வு நாள் வேலைக்கு எங்களுக்கு எத்தனை படி என்று அவர்கள் மிக்க பணிவுடன் கேட்டனர். அவை கூடி முடிவெடுக்குமுன் உப்பு விற்கும் அங்காடித் தெரு மூழ்கிற்று. முதலில் போனவை மதகுப் பணியாளரின் குடிசைகள். அவற்றில் எவரும் இல்லை.

வந்த நீர் பாதியே திரும்பிற்று, திறந்த மதகு வழியே நாளும் மீண்டும் ஏறுகிறது. கிணறுகள் உப்புக் கரிக்கின்றன. பட்டப்பகலில் நாகங்கள் அரண்மனை வாசல் தூண்களில் ஏறிச் சுற்றிக்கொள்கின்றன. காவலர் அவற்றுக்கு ஒதுங்கி நிற்கின்றனர். கரை உள்ளுக்குள் முனகுகிறது. மிச்சம் பிடித்த நெல்லெல்லாம் பண்டாரத்தில் ஊறி முளைவிட்டது. நிமித்திகர் யாவும் நற்குறியே என்று உரைத்துவிட்டுத் தம் குடும்பத்தைப் படகில் ஏற்றிவிட்டார். வரும் பௌர்ணமி ஓதம் இதனினும் பெரிது. அன்று பலகை இறங்காவிடில் அடுத்த ஓலை எழுத ஊர் இராது. ஊர் இருந்து உண்மை வெளிப்பட்டால் பேரமைச்சரின் தலை இராது.

ஆதலால், உம் எல்லைக்குள் புகுந்த செம்பியையும் அவள் கூட்டத்தாரையும் தாமதமின்றிப் பிடித்து அனுப்புக.

இவ்வரி எழுதுகையில் நீர் முழங்காலைத் தொட்டது. ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. ‘பிடித்து’ என்றிருப்பதை ‘வேண்டி அழைத்து’ என்று கொள்க. ஓய்வு நாளுக்கு இரட்டைப் படி உண்டு என்று சொல்லுக. தயங்கினால் மூன்று படி என்க. உலர்ந்த நெல்லை உம் களஞ்சியத்திலிருந்து கடன் தந்து உதவுக. பட்டுத்திரை கடலோடு போயிற்று, இனிக் கட்டப்படாது என்பதையும் அவளிடம் சொல்லுக.

இது கடலடக்கியாரின் ஆணை. மீறுவோர் கடலின் சினத்துக்கு ஆளாவர். கீழ்ப்படிந்தோர் ஏற்கெனவே ஆளாகியிருக்கிறோம். அரச முத்திரை இதன்கீழ் இடப்பட்டது. ஈரத்தில் அரக்கு ஒட்டவில்லை, ஒட்டியதாகக் கொள்க. மன்னர் நலம், மடைப்பள்ளிக் கூரைமேல் எழுந்தருளியிருக்கிறார்.

பொன் சிங்காதனம் அவைக்கூடத்தில் மிதக்கிறது.