மிஸ்ஸுக்குக் கொடுத்த கைகள்

மே 4, திங்கள்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

வருடக் கடைசியில் மிஸ்ஸுக்கு என்ன பரிசு கொடுப்பது என்று பெற்றோர் குரூப்பில் ஒரு வாரமாக இழுபறி. ஒருவர் கைப்பை என்றார். ஒருவர் சென்ட் என்றார். யாரோ பூப்போட்ட கோப்பை என்றார். ‘அவங்ககிட்ட இருக்கிற கோப்பைகளை வெச்சு ஒரு டீக்கடையே போடலாம்’ என்று எழுதினேன். உடனே மருந்துக்கடை அக்கா, ‘அப்ப நீயே தேர்ந்தெடு, உனக்குத்தான் ரசனை’ என்று போட்டாள். வரிசையாகக் கட்டைவிரல் காட்டிவிட்டார்கள். இதற்குத்தான் காத்திருந்தார்கள் போல.

சலித்துக்கொண்டேனே தவிர, உள்ளுக்குள் சந்தோஷம்தான். மற்றவர்களுக்கு மிஸ் ஒரு டீச்சர். எனக்கு அப்படியா? என் மகன் வாண்டுவுக்குப் பேச்சு தாமதம். கோபம் வந்தால் பல்லால்தான் பேசுவான். முன்பிருந்த பள்ளியில் ‘வேற இடம் பாருங்க’ என்று கையை விரித்துவிட்டார்கள். நான் வேலை பார்ப்பது பல் செட் செய்யும் பட்டறையில். “அம்மா பல்லு செய்யுறா, பையன் அதுக்கு வேலை கொடுக்குறான்” என்று முதலாளி கிண்டலடிப்பார். சிரிப்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

மிஸ் மந்திரம் எதுவும் போடவில்லை. அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, “கோபமா? வாயால சொல்லு, நான் கேட்கிறேன்” என்று தினமும் சலிக்காமல் சொன்னார். பாதி வருடத்துக்குப் பிறகு அவன் யாரையும் கடிக்கவில்லை. அடுத்த வருடமும் மிஸ்தான் இந்தப் பிள்ளைகளோடு மேல் வகுப்புக்கு வருவார் என்று ஏற்பாடு. அந்த நம்பிக்கையில்தான் நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இதற்கு ஒரு சென்ட் பாட்டிலா?

மே 6, புதன்

பட்டறையில் ஒரு கீழ்த்தாடைக்குப் பிளாஸ்டர் ஊற்றும்போது யோசனை வந்தது. வாயில் அச்சு எடுக்கும் பொடியைத் தண்ணீரில் குழைத்தால் கூழ் போல வரும். அதற்குள் பிள்ளைகள் கையை விட்டு அசையாமல் இருந்தால் போதும், இறுகிவிடும். கையை உருவிவிட்டு அந்தக் குழியில் பிளாஸ்டர் ஊற்றினால் ரேகை, நகம், நகத்தைக் கடித்த இடம் எல்லாம் அப்படியே வரும். வகுப்பின் எல்லாக் கைகளும் ஒரே பலகையில்!

குரூப்பில் சொன்னேன். ஒரு எதிர்ப்பும் இல்லை. கோப்பைக்கு அப்படி மல்லுக்கட்டியவர்கள் இதற்கு ‘உங்க இஷ்டம்’ என்கிறார்கள். அதிசயம்தான்.

அக்கா போன் செய்தாள். “பலகை பெரிசா போடு. வாசல்ல மாட்டினா வர்றவங்க கண்ணுல படணும்.”

“அவங்க இருக்கிறதே ஒத்தை ரூம், அக்கா. இதை மாட்டினா கதவு திறக்காது.”

சிரித்தாள். ஆனால் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

அவள் மகள் சிட்டுவின் தோளில்தான் வாண்டு முதன்முதலில் பல்லைப் பதித்தான். மன்னிப்புக் கேட்க அழுதுகொண்டே அவள் மருந்துக்கடைக்குப் போனேன். “குழந்தைங்கன்னா அப்படித்தான்டி, விடு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். கூடப் பிறந்தவள்கூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். அன்றிலிருந்துதான் அக்கா.

மே 10, ஞாயிறு

சமையலறை முழுக்கப் பிள்ளைகள். ஒருத்தி கையை விடவே மாட்டேன் என்று ஒப்பாரி. ஒருவன் “என் கை திரும்ப வருமா?” என்று கேட்டுவிட்டுத்தான் விட்டான். சுவரெல்லாம் கூழ். என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடித்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே மொட்டை மாடிக்குப் போய்விட்டார். வாண்டுதான் உதவியாளர். ஒவ்வொருவரிடமும் “ஆட்டாத, மிஸ்ஸுக்கு” என்று அதட்டினான்.

சிட்டு மட்டும் பாக்கி.

மே 13, புதன்

சிட்டுவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டு அக்கா கடைக்குப் போனாள். வாண்டு உள்ளறையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். கூழைக் குழைத்து, அவள் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் சிலை மாதிரி இரு கண்ணு என்றேன். கை சிலையானால் வாயும் சிலையாகுமா?

“ஆன்ட்டி, இதை மிஸ்ஸோட புது ஸ்கூல்லதானே மாட்டுவாங்க?”

“எந்தப் புது ஸ்கூல்?”

“மிஸ் ஆரம்பிக்கிறாங்கல்ல. மீன் தொட்டி இருக்கு. நாங்க போய்ப் பார்த்தோம். எல்லாரும் அங்கதான் போறோம்.”

“எல்லாருமா?”

“ம். வாண்டு மட்டும் இல்ல. அவன் கடிப்பான்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க.” சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. இலவச இணைப்பாக ஒரு அசட்டுச் சிரிப்பு.

கூழ் இறுகிக்கொண்டிருந்தது. பாதியில் கையை எடுத்தால் அச்சு கிழிந்துவிடும். அந்தச் சின்ன மணிக்கட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். என் பிடி இறுகிவிடக் கூடாதே என்பதுதான் அப்போது என் கவலை முழுவதும். பிறகு மெல்ல உருவி, விரல் விரலாகத் துடைத்து, பிஸ்கட் கொடுத்து அனுப்பினேன். நல்ல அச்சு. ஒரு குமிழிகூட இல்லை.

மே 14, வியாழன்

குழந்தை ஏதோ உளறியிருக்கும். இருக்குமா? மீன் தொட்டி வரைக்குமா?

மே 15, வெள்ளி

மருந்துக்கடைக்கே போனேன். இருமல் மருந்துக்கு ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவர் போகும்வரை பொறுக்க முடியவில்லை.

“புது ஸ்கூல்ல மீன் தொட்டி நல்லா இருக்காமே, அக்கா.”

அவள் முகம்கூட மாறவில்லை. “சிட்டு சொல்லிட்டாளா?” என்றாள். அவ்வளவுதான்.

“ஏன் அக்கா?”

“நான் மட்டுமா? எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு. வேற குரூப்ல பேசினோம். உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை.”

“அவன் கடிச்சு எவ்வளவு நாளாச்சு, உனக்குத் தெரியாதா?”

“தெரியும்டி. நாளைக்குக் கடிக்க மாட்டான்னு நீ உத்தரவாதம் தருவியா? என் பொண்ணு தோள்ல இன்னும் தழும்பு இருக்கு.”

“அன்னிக்கு விடுன்னு சொன்னியே.”

“பின்னே? கடைக்குள்ள நின்னு அழறே. வேற என்ன சொல்ல முடியும்?”

“அம்மா, என் மருந்து…” என்றார் பெரியவர். கொடுத்தாள். சில்லறையும் சரியாகக் கொடுத்தாள். நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து குரல்: “அந்தப் பலகையை மட்டும் பாதியில விட்டுடாதே. எல்லாருக்கும் ஆசையா இருக்கு.”

வேற குரூப்! நான் கோப்பையா பலகையான்னு இங்க மண்டையை உடைச்சிட்டு இருக்கேன், இவங்க அங்க என் புள்ளையை வெட்டி எறிஞ்சிட்டு இருந்திருக்காங்க. அதான் ‘உங்க இஷ்டம்’. அதான் வாசல்ல மாட்டுற பலகை. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. அவங்க பிள்ளைங்க விரலை ஒவ்வொண்ணா துடைச்சுவிட்டேனே— அப்பகூட ஒருத்திக்கும் வாய் வரலையே? நம்ப வெச்சுக் கழுத்தறுத்துட்டாங்க.

அக்காவாம் அக்கா.

மே 18, திங்கள்

மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்காது, இவர்களே முடிவு செய்திருப்பார்கள் என்று ஒரு நப்பாசை. பள்ளி விட்டதும் போனேன். குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கிரேயான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார்.

“உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்ப மிஸ்?”

“கடைசி நாள் முடிஞ்சதும்.”

பரிசை வாங்கிக்கொண்ட பிறகு.

“அவன் மாறிட்டான்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்?”

“சொன்னேன். எவ்வளவோ சொன்னேன். அவனைச் சேர்த்தா நாங்க வரலைன்னுட்டாங்க. பிள்ளைங்களே இல்லாம நான் எப்படி ஆரம்பிக்கிறது? ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.” கண் கலங்கியிருந்தது.

பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். வாயால சொல்லு, வாயால சொல்லு என்று என் பிள்ளைக்குப் படித்துப் படித்துச் சொன்னவர், என்னிடம் ஒரு வார்த்தை வாயால் சொல்லவில்லை. வாண்டு அவர் மடியில் ஏறி தன் ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மே 20, புதன்

“எல்லாத்தையும் உடைச்சுக் குப்பையில போடு” என்கிறார் வீட்டுக்காரர். சுத்தியலைக்கூட எடுத்து வைத்துவிட்டார். உடைக்கலாம். ஆனால் அந்தக் கைகள் எனக்கு என்ன செய்தன?

மே 24, ஞாயிறு

பலகையில் எல்லாக் கைகளையும் ஒட்டினேன். வாண்டுவின் கையை மட்டும் அலமாரியில் வைத்துவிட்டேன். அவன் நுழையக் கூடாத இடத்துக்கு அவன் கை மட்டும் எதற்கு?

வந்து பார்த்தான். விரலால் ஒவ்வொன்றாகத் தடவினான்.

“என் கை எங்கம்மா?”

“இது போதும்டா. இடம் இல்லை.”

“மிஸ் தேடுவாங்க.”

“தேட மாட்டாங்க.” கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது.

முகம் சிவந்து, உதடு துடித்து, என் முழங்கைக்கு மிக அருகில் நின்றான். அவ்வளவுதான், கடித்துவிடுவான் என்று நினைத்தேன். மூச்சை இழுத்துக்கொண்டு, “எனக்குக் கோபமா இருக்கு” என்றான். ஒவ்வொரு சொல்லாக. வாயால்.

கையை எடுத்து வந்து நடுவில் ஒட்டினேன். ஒட்டும்போது எனக்குக் கண் தெரியவில்லை.

மே 29, வெள்ளி

கடைசி நாள். பலகையை நானும் அந்த மருந்துக்கடைக்காரியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொடுத்தோம். போட்டோவில் இருவரும் சிரித்துக்கொண்டிருப்போம்.

பெயர் எதுவும் எழுதவில்லை. ஆனாலும் மிஸ் உடனே வாண்டுவின் கையைக் கண்டுபிடித்தார். அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டு அழுதார். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அழுதுவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா?

“மிஸ், லீவு முடிஞ்சு பார்க்கலாம்” என்றான் வாண்டு.

“பார்க்கலாம் செல்லம்.”

என் எதிரிலேயே சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 8, திங்கள்

குரூப்பில் புதுப் பள்ளியின் படம் வந்திருக்கிறது. வாசல் சுவரில் பலகை. மறுபடியும் இதயம், கட்டைவிரல். நான் குரூப்பில் இருப்பதையே மறந்துவிட்டார்கள் போல. வாண்டு போனை எட்டிப் பார்த்துவிட்டான். “அதோ என் கை! மிஸ் வீட்டுல இருக்கு” என்றான். வீடு என்று நினைத்துக்கொண்டான். நான் திருத்தவில்லை. குரூப்பை விட்டு வெளியேறினேன்.

ஜூன் 15, திங்கள்

வேறு பள்ளி. இந்த முறை நானே முதலில் சொல்லிவிட்டேன், இவனுக்கு முன்பு இப்படி ஒரு பழக்கம் இருந்தது என்று. புது டீச்சர் “பார்த்துக்கலாம்” என்றார். எழுதுகிற பேனாவை நிறுத்தாமல் சொன்னார். வாண்டு வகுப்பை ஒரு சுற்று பார்த்தான், கதவுக்குப் பின்னால்கூடப் பார்த்தான். யாரைத் தேடினான் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 19, வெள்ளி

புது டீச்சர் வாசலில் நிறுத்திச் சொன்னார்: “ரொம்ப சமர்த்து. யார் வம்புக்கும் போறதில்லை. நீங்கதான் என்னமோ பயந்தீங்க.” எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் அவனைக் கொஞ்சிக்கொண்டே வந்தேன். அந்த மருந்துக்கடை வாசலில் அவனை நிறுத்தி, பாருங்கடி என்று கத்தலாமா என்றுகூடத் தோன்றியது.

வாரம் முழுக்கக் குளிப்பாட்டியது அவன் அப்பா. இன்று நான். முழுக்கைச் சட்டையைக் கழற்றினேன். இடது முன்கையில் வட்டமாக இரண்டு பல் தடங்கள். ஒன்று இன்றையது, இன்னொன்று கன்றிப்போயிருந்தது.

ரத்தம் கொதித்தது. “யார்டா கடிச்சது? பேரைச் சொல்லு. நாளைக்கே அவங்க அம்மாவை உண்டு இல்லைன்னு ஆக்குறேன்.”

“யாரும் இல்லம்மா.”

“பயப்படாதே. யாரு?”

கையைப் பின்னால் மறைக்கப் பார்த்தான். கையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. எத்தனையோ பேருடைய பல் வரிசையைப் பார்த்திருக்கிறேன், இதை நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தினமும் இந்தப் பற்களைத் துலக்கிவிடுவதே நான்தான்.

“கோபம் வந்துச்சா?”

“ம்.”

“வாயால சொல்லலாம்ல?”

“கேக்குறதுக்கு மிஸ் இல்லையே.”

ஈரத்தோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். “சொல்லு, நான் கேக்கிறேன்” என்றேன். அவன் தோளைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். தோள் காய்ந்த பிறகு சொல்ல ஆரம்பித்தான்.