ஊட்டிக்குப் பேசிய வேன்

மே, ஞாயிறு இரவு

சூளையைப் பழுது பார்க்க, நானும் வீட்டுக்காரரும் வேலை செய்கிற பீங்கான் பொம்மைக் கம்பெனியை நான்கு நாள் மூடுகிறார்கள். வருஷத்தில் இருவருக்கும் ஒன்றாகக் கிடைக்கிற லீவு அதுதான். அதற்குள் மகளுக்கு ஊட்டியைக் காட்டிவிடலாமென்று, மலிவாக ஏதாவது கிடைக்குமா என இரண்டு வாரமாகப் போனை நோண்டினேன். கடைசியில் அகப்பட்டது. பத்துப் பேர் சேர்ந்தால் வேனும் ரூமும் பாதி விலை. ஆள் சேர்க்க நாத்தனார் குடும்பத்தைக் கூப்பிட்டேன். என்னைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வந்தவள் டீயைக் குடித்துக்கொண்டே சொல்கிறாள்: "எல்லாரும் ஒண்ணா கெளம்புறோம், வேனும் இருக்குது. பேசாம பெண்ணாடத்துக்குப் போயி கொலசாமிக்குப் பொங்க வெச்சி, எம் பையனுக்குக் காது குத்திடலாம் அண்ணி. ஊட்டி என்னா ஊட்டி."

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி. தாய்மாமன் என் வீட்டுக்காரர். கம்மல், துணிமணி, சீர்த்தட்டு எல்லாம் எங்கள் தலையில். ஊட்டிக்கு எடுத்து வைத்தது அதற்கே காணாது.

"மாமன்காரன் நான் எப்படி வேணாங்கறது? ஊட்டி எங்க ஓடிடப்போவுது?" என்று இவர் படுத்துவிட்டார்.

பக்கத்திலிருக்கிற பெண்ணாடத்துக்கு டவுன் பஸ்ஸே போகிறது, அதில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. இதற்கா இரண்டு வாரம் சலுகை தேடினேன்?

மகளிடம் யாரும் சொல்லவில்லை. ஊட்டிக்கு வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாள். கழுத்தெல்லாம் வியர்வை. கழற்றினால் விழித்துக் கேட்பாள். ஃபேனை ஐந்தில் வைத்திருக்கிறேன்.