மைனர் என்று நான் எழுதியது

16 ஜூன் 2025, திங்கள்

பதினொரு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். தீனாவை எதிர் வீட்டு சாராள் அக்காவிடம் விட்டுவிட்டு புதுவாயல் கூட்ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினேன். அவன் அழவேயில்லை. பத்து மாதக் குழந்தை, ஒரு அழுகைகூடவா வராது? கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை போன் பண்ணிவிட்டேன். நாலாவது தடவை அக்கா சிரித்துவிட்டார்கள்.

"யம்மா, புள்ள தூங்கினு கீறான். நீ போன் பண்ணிப் பண்ணியே எழுப்பிடுவ போலகீது."

இந்தத் தெருவுக்குக் குடி வந்தே இரண்டு மாதம்தான். அதற்குள் இப்படி ஒருத்தர் கிடைத்திருக்கிறார்கள். இருந்தும் பயமாகத்தான் இருக்கிறது. எனக்கு எதற்குத்தான் பயமில்லை?

18 ஜூன், புதன்

இன்றுதான் அக்காவின் வீட்டுக்காரர் சாலமோன் அண்ணனைச் சரியாகப் பார்த்தேன். தீனாவை மடியில் வைத்திருந்தார். இடது கையில் நடுவிரலும் மோதிர விரலும் பாதியோடு நின்றுபோயிருந்தன. தீனா அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வாயில் வைக்கப் பார்த்தான்.

"இன்னா ஆச்சுண்ணா?"

"பிரஸ் மெஷின்ல மாட்டிக்கிச்சும்மா. உங்க கம்பெனிதான். போன வருஷம் மார்ச்சு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போன வருஷம் மார்ச்.

19 ஜூன், வியாழன்

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது.

அன்றைக்கு அலறல் நான் டைப் அடிக்கிற ஆபீஸ் வரைக்கும் கேட்டது. நான் எழுந்து ஓடப் போனேன். மேனேஜர் பூவராகவன் சார் வாசலில் கையை நீட்டித் தடுத்தார். "மாசமா இருக்கிற பொண்ணு, ரத்தத்தையெல்லாம் பாக்கக் கூடாது. உக்காரும்மா." எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். எனக்கு அப்போது நாலாம் மாதம்.

கொஞ்ச நேரத்தில் முதலுதவி அறையிலிருந்து நர்ஸ் எழுதின சீட்டு என் மேசைக்கு வந்தது. நீல மை. 'இடது கை, இரண்டு விரல், பாதி துண்டிப்பு.' சார் சொன்னார்: "அவ்ளோ விவரம் வேணாம். ரிப்போர்ட்ல சுருக்கமா, நல்ல இங்கிலீஷ்ல போடு."

'மைனர் இஞ்சுரி டு லெஃப்ட் ஹேண்ட்.'

அந்த 'மைனர்' எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்தது கிடையாது. நானே யோசித்துப் போட்டது. பி.ஏ. இங்கிலீஷ் ஆச்சே. சார் படித்துவிட்டு "வெரி குட்" என்றார். அன்று மதியம் எலுமிச்சை சாதம் சாப்பிட்டேன். அது நினைவிருக்கிறது. அடிபட்ட ஆளின் பெயர் இல்லை.

27 ஜூன், வெள்ளி

சாராள் அக்கா ஒரு கவரோடு வந்தார்கள். கம்பெனி லெட்டர்.

அண்ணன் தன்னை ஸ்டோருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தாராம். இடது கையில் தகடு நிற்பதில்லை, வழுக்குகிறது, அதைப் பிடிக்கப் போனால் கை மறுபடி மெஷினுக்குள் போய்விடும் என்று பயம். அதற்குத்தான் இந்தப் பதில். ரிப்போர்ட்டின்படி காயம் மைனர். ஆகவே வேலை மாற்றம் தேவையில்லை. இஷ்டமில்லை என்றால் ஜூலை முடிவோடு நின்றுகொள்ளலாம்.

"அவரு கைய காட்டினாரு, மேனேஜரு பேப்பர காட்டினாராம். அது இன்னா, மைனர்னு போட்டுகீறானுங்க? படிச்ச பொண்ணு, சொல்லு."

"சின்னதுன்னு அர்த்தம்க்கா."

"சின்னதா?" அக்கா லெட்டரை மறுபடி கவருக்குள் வைத்தார்கள். "எதவிட சின்னது?"

தீனாவுக்குப் பசிக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவனுக்குப் பசிக்கவில்லை.

28 ஜூன், சனி

அகராதி பார்த்தேன். காலேஜ் முடித்தபிறகு ஒரு வார்த்தைக்காக இப்படி உட்கார்ந்ததே இல்லை.

லத்தீன் சொல். அங்கேயும் அது சும்மா 'சின்னது' இல்லை, 'இன்னும் சின்னது'. ஒன்றோடு வைத்துப் பார்த்தால்தான் அர்த்தமே வருமாம். எதைவிட என்று ஒன்று இருந்தே ஆக வேண்டும். சாராள் அக்கா எட்டாவதோடு நின்றவர்கள். ஒரே நிமிஷத்தில் அதைக் கேட்டுவிட்டார்கள். நான் மூன்று வருஷம் படித்தேன்.

மைனஸ் அதே வேர்தான். மினிஸ்டரும் அதே வேராம்; முதலில் அதற்கு அர்த்தம் கீழே நின்று வேலை செய்கிறவன். இங்கிலீஷுக்கு வந்ததும் உரிய வயது ஆகாதவன் மைனர் ஆனான். நம் ஊருக்கு வந்து, அப்பன் சொத்தில் ஜிப்பாவும் செயினும் போட்டுத் திரிகிறவன் மைனர். ஆபரேஷன் மைனர். ரிப்பேர் மைனர்.

கவனித்துப் பார்த்தால் இந்த வார்த்தையை அடிபட்டவன் சொல்வதில்லை. எப்போதும் பக்கத்தில் நிற்கிறவன்தான் சொல்கிறான். எழுதுகிறவன். எழுதுகிறவள்.

30 ஜூன், திங்கள்

சாரிடம் கேட்டேன். அந்த ரிப்போர்ட்டைத் திருத்திவிடலாமா சார், நர்ஸ் சீட்டில் வேறு மாதிரி இருந்ததே என்று.

"எந்த சீட்டு? அதெல்லாம் எப்பவோ போச்சு." அப்புறம் ரொம்ப அன்பாக, "அந்த வார்த்தைய நானா சொன்னேன்? நீதானேம்மா போட்டே. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் கேட்டா உன் பேரத்தானே சொல்லணும். கைக்குழந்தக்காரி. நல்லா யோசி."

அன்று வாசலில் நீட்டித் தடுத்த அதே கைதான்.

தீனா அப்பா லாரியோடு விஜயவாடாவில் நிற்கிறார். போனில் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு ஹேமா. லோடு இல்லாம நின்னுகினு கீறேன். உன் வேலையிலதான் இப்ப ஊடு ஓடுது." அவர் சொல்வதும் பொய்யில்லையே.

2 ஜூலை, புதன்

சொல்லவில்லை.

4 ஜூலை, வெள்ளி

இன்றும் அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா தீனாவுக்கு ராகிக் கூழ் பழக்கிவிட்டார்கள். என்னிடம் துப்புகிறவன் அவர்களிடம் வாயைத் திறக்கிறான்.

8 ஜூலை, செவ்வாய்

குளிப்பாட்டும்போது அவன் விரல்களை எண்ணுகிறேன். தினமும். பத்து. இது என்ன பைத்தியம்?

11 ஜூலை, வெள்ளி

சாயந்திரம் போனால் தீனாவின் சுண்டு விரலில் பிளாஸ்டர்.

"இரும்பு கேட்டு சந்துல விரல வுட்டுட்டாம்மா. லேசாத்தான் தோலு சிராய்ச்சிக்கிச்சு. டாக்டராண்ட தூக்கினு ஓடினேன்." அக்கா காலில் செருப்புகூட இல்லை. அப்படியே ஓடியிருக்கிறார்கள்.

நான் என்ன சொன்னேன்? கத்தினேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "ஒரு புள்ளய பாத்துக்க மாட்டீங்களா? விரல் போயிருந்தா இன்னா பண்ணுவேன்? ஆயுசுக்கும் அவன் எப்படிப் பொழைப்பான்?"

சாலமோன் அண்ணன் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இடது கையை மெதுவாகத் துண்டுக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"சின்ன அடிதாம்மா," என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னார். வேறு எந்த எண்ணமும் அவருக்கு இல்லை. இருந்திருந்தால் தேவலை.

12 ஜூலை, சனி

சொல்லிவிட்டேன். வாசலில் நின்றபடியே. அந்த ரிப்போர்ட் நான் டைப் பண்ணினது, அந்த வார்த்தையும் நான் போட்டது, சீட்டை நான் படித்தேன். எல்லாம்.

அக்கா கத்துவார்கள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"அன்னிக்கு சின்னதுன்னு சொன்னியே. அப்பவே தெரியுமா உனுக்கு?"

"தெரியும்க்கா."

உள்ளே போய் தீனாவின் பையை எடுத்துவந்து கொடுத்தார்கள். பால் புட்டி, இரண்டு துண்டு, கிலுகிலுப்பை. எல்லாவற்றையும் கழுவி வைத்திருந்தார்கள். "திங்கக்கெழமலேருந்து வேற ஆள பாத்துக்கோ." கதவைச் சாத்தும்போது தீனா அவர்களைப் பார்த்துக் கையை நீட்டினான்.

14 ஜூலை, திங்கள்

லீவு போட்டுவிட்டு தீனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு திருவள்ளூர் போனேன். தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸில் எழுதிக் கொடுத்தேன். தமிழிலேயே. சீட்டில் என்ன இருந்தது, நான் அதை எப்படி மாற்றினேன், யார் அதற்கு 'வெரி குட்' சொன்னார். 'இடது கை, இரண்டு விரல், பாதி துண்டிப்பு.' நான்கு மாத வயிற்றோடு படித்த வரி, ஒரு எழுத்து மறக்கவில்லை. மேலே ஒரு வார்த்தை சேர்க்கவும் இல்லை.

21 ஜூலை, திங்கள்

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்து விசாரித்துவிட்டுப் போனார். சனிக்கிழமையே எனக்கு வேலை இல்லை. செலவைக் குறைக்கிறார்களாம். சார் எழுந்து நின்று கை கூப்பினார். "குழந்தைய பாத்துக்கோம்மா." அந்த மனுஷனிடம் வார்த்தைக்குத் தட்டுப்பாடே இல்லை.

தீனா அப்பா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

தீனாவுக்கு ஒரு வயது. எதிர் வீட்டுக்குக் கேக் கொடுத்தனுப்பினேன். தட்டு திரும்பி வந்தது. கேக்கோடு.

9 செப்டம்பர், செவ்வாய்

இரண்டு வாரமாக சாலமோன் அண்ணன் காலை பஸ்ஸில்தான் போகிறார், நைட் ஷிப்ட் இல்லை. சட்டைப் பையில் பேனா. கிரீஸ் கறை இல்லை. ஸ்டோராகத்தான் இருக்கும். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டது.

இன்று மத்தியானம் தீனாவை வாசலில் உட்கார வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். சாராள் அக்கா ஒரு கவரோடு வெளியே வந்தார்கள். அன்றைக்குப் போலவே கம்பெனி கவர், நீளமானது. தீனா சோற்றை விட்டுவிட்டு "அத்த, அத்த" என்று கத்தினான். அக்கா நின்று, குனிந்து, அந்தச் சுண்டு விரலைத் தொட்டு முத்தம் கொடுத்தார்கள். அவனுக்கு மட்டும்.

அப்புறம் என் வாசலைத் தாண்டி, தெருக்கோடி வரை அந்த வெயிலில் நடந்து, மெடிக்கல் ஷாப்காரரிடம் அதைப் படித்துச் சொல்லக் கொடுத்தார்கள்.