பழைய கம்ப்யூட்டரில் அம்மாவின் ஒப்பாரி

கம்ப்யூட்டருக்குத் துண்டு போர்த்தாமல் ஒருநாளும் படுக்கப் போகாத என் அப்பாவுக்கு,

பூனாகலையில் மழை பிடித்துக்கொண்டது. அம்மா சாப்பிடுகிறாள், ஆனால் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறாள். உங்கள் கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது. துண்டும் போர்த்துகிறேன். அதை வைத்துக்கொண்டு நானும் அம்மாவும் செய்த ஒரு காரியம் அண்ணனை நம்மிடமிருந்து பிரித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

உங்கள் சாவுக்கு அண்ணனால் வர முடியவில்லை. கட்டாரில் முதலாளி லீவு தரவில்லை, பாஸ்போர்ட்டும் அவர்கள் கையில். "எல்லாத்தையும் வீடியோ எடுத்து அனுப்பு தங்கச்சி. ரூம்ல நம்ம பக்கத்து ஆளுங்க இருக்காங்க, சேர்ந்து பார்ப்போம்" என்று போனில் அழுதான். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது இதுதானே வழக்கம். பண்டாரவளையிலிருந்து வந்த ஸ்டூடியோக்காரர், உங்களைக் குளிப்பாட்டியது முதல் குழிமேடு வரை எடுத்தார். மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில் சித்தப்பா மகன் ராஜு நின்று கொள்ளிக்குடம் தூக்கினான். கருமாதி முடிந்ததும் டிவிடி கைக்கு வந்தது.

அங்கேதான் சிக்கல். நம் கம்ப்யூட்டரில் இருப்பது நீங்கள் வாங்கியபோதே இருந்த சிடி டிரைவ். அதில் டிவிடி ஓடாது. லயத்து வரிசை வீடுகளில் டிவிடி டெக் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சாவு வீட்டு டிஸ்க்கை இன்னொருவர் வீட்டில் போடச் சொல்லிக் கேட்க முடியுமா? வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகம் மட்டும் மாறும். அம்மாவோ, "அவனுக்கு அனுப்புறதுக்கு முன்ன நான் ஒருக்கா பார்த்துறணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அதனால் டிவிடி ரைட்டர் ஒன்று வாங்கிவந்தேன். அதில் பார்க்கவும் செய்யலாம், அண்ணனுக்கு ஒரு பிரதி எழுதவும் செய்யலாம்.

கடைக்காரர், டிரைவைப் பொருத்தித்தரக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். நம் ரோட்டில், பஸ்ஸில் கம்ப்யூட்டரா? போய்ச் சேரும்போது திருகாணிதான் மிஞ்சும். நானே பூட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய டிரைவைக் கழற்ற மனம் வரவில்லை, அப்பா. கதவு திறக்க மறுக்கும்போதெல்லாம் நீங்கள் குண்டூசியை அந்தச் சின்ன ஓட்டைக்குள் விட்டு, "வாடா வெளிய" என்று அதட்டுவீர்களே. அது தன் இடத்திலேயே இருக்கட்டும் என்று, அதற்குக் கீழே புதியதைத் தள்ளித் திருகி, ஒரே நாடாக் கேபிளில் இரண்டையும் சேர்த்தேன். மூடியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினால் புதியதும் இல்லை, பழையதும் இல்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் தெரியாது என்றது. உங்கள் பொருளைப் பாழாக்கிவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிறகுதான் புது டிரைவின் முதுகில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். ஒரே கேபிளில் இரண்டு இருந்தால் ஒன்று முதலாவது, மற்றது இரண்டாவது என்று பின்னால் உள்ள ஜம்பர் என்ற குட்டிச் செருகியை மாற்றிச் செருகிச் சொல்ல வேண்டுமாம். நான் இரண்டையுமே முதலாவதாக விட்டிருந்தேன். புதியதை இரண்டாவதாக்கினேன். இரண்டு விளக்கும் எரிந்தன. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள்.

படம் அங்கங்கே திக்கித் திக்கித்தான் ஓடியது. நீங்கள் மாலையோடு படுத்திருந்தீர்கள். அம்மா உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழுதாள். என்னைச் சொன்னாள், அத்தையைச் சொன்னாள், ராஜுவைச் சொன்னாள். பிறகு மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்:

"சந்திரன்னு பேரு வச்சு
தாங்கி வளத்தீங்களே,
கடலு தாண்டிப் போனவனுக்கு
அப்பன் பெருசா, காசு பெருசா?"

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நானா புள்ள அப்புடிச் சொன்னேன்?" அவளுக்கு ஞாபகமே இல்லை. "ஐயோ, அத எடுத்துரு. நாலு பேரு கூட உக்காந்து பார்ப்பான். புள்ள மனசு ஒடஞ்சிரும்."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. டிரைவோடு வந்த மென்பொருளில் அண்ணன் பெயர் வந்த இடம் முழுவதையும் வெட்டி, அழுகையோடு அழுகையை ஒட்டினேன். வெட்டிய இடமே தெரியவில்லை. அதில் ஒரு சின்னப் பெருமைகூட எனக்கு. அதையே டிஸ்க்கில் எழுதி அண்ணனுக்குத் தபாலில் அனுப்பினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பேசினான். குரலில் உயிரே இல்லை.

"தங்கச்சி, அம்மா ஒன்னயச் சொல்லி அழுவுறாங்க. ராஜுவச் சொல்லி அழுவுறாங்க. என் பேரு வரவே இல்லியே. திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன்."

"அண்ணே, அது நாங்க வெட்டுனது. அம்மா ஒன்னயச் சொன்னாங்க..."

"என்னைய சமாதானப்படுத்தாத. ரூம்ல ஒருத்தன் கேக்குறான், ஒங்கம்மாவுக்கு ஒரே புள்ளதானான்னு." கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. "ஆவணியில கண்டிராக்ட் முடியுது. வரலாம்னுதான் இருந்தேன். இனி வந்து என்னா செய்ய? இன்னும் ரெண்டு வருசத்துக்கு கையெழுத்துப் போட்டுறப் போறேன்."

லைன் அறுந்துவிட்டது. பிறகு எத்தனை தடவை கூப்பிட்டும் அவன் போனை எடுக்கவில்லை.

நம் சனத்தில் ஒப்பாரியில் பெயர் வராத பிள்ளை, பிள்ளையே இல்லை என்பது எனக்குத் தெரியாததா? அவனைக் காப்பாற்றப் போய் அவனை இல்லாமலே ஆக்கிவிட்டோம். திட்டு வாங்கியிருந்தால் ஒருநாள் அழுதிருப்பான். இப்போது அழக்கூட அவனுக்கு இடமில்லை. நீங்கள் இருந்திருந்தால், "விடு, அவன் கேட்டா கேக்கட்டும்" என்று அன்றைக்கே சொல்லியிருப்பீர்களோ?

அம்மாவிடம் சொன்னேன். "முழுசாவே போட்டு அனுப்பு. வையிறதுக்கு ஒரு தாய் இருக்கான்னு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இதை எழுதும்போது புது டிரைவ் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் தந்தது அப்படியே, ஒரு சொல் குறையாமல் எழுதப்படுகிறது. இது போய்ச் சேர்வதற்குள் அவன் கையெழுத்துப் போட்டுவிடுவானா? "காசு பெருசா" என்ற சொல்லை அந்த அறையில் உட்கார்ந்து அவன் எப்படித் தாங்குவான்? எனக்குத் தெரியவில்லை, அப்பா. தூக்கமும் வரவில்லை.

விடிந்ததும் பண்டாரவளை தபால் கந்தோருக்கு நானே கொண்டுபோகிறேன். அவன் போனை எடுக்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். வந்தால் வீட்டுக்குள் நுழையும் முன்பே உங்கள் குழிமேட்டுக்குக் கூட்டிவருவேன். வராவிட்டால், அதையும் மறைக்காமல் உங்களிடம் வந்து சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பிள்ளைகளில் இளையவள்,
செல்வி