தீர்ப்பில் வைத்த மஞ்சள்

14-3-2003, வெள்ளி

எங்கள் பஞ்சமி நிலத்தை மிராசு வாங்கியது செல்லாது, அது எங்களுக்கே சொந்தம் என்று ஹைகோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரி ஆசையாக அந்தத் தாளில் மூலைக்கு மூலை மஞ்சள் வைத்துச் சாமி படத்தடியில் வைத்திருந்தாள். இன்று பட்டாவை எங்கள் பேருக்கு மாற்றக் கேட்டு அதை அரியலூர் தாலுகா ஆபீசில் நீட்டினேன். கிளார்க் விரல் நுனியால் தள்ளிவிட்டான்.

"கோர்ட் சீல் மேலயே மஞ்சளப் பூசி வச்சிருக்க. வேற நகல் வாங்கிட்டு வாய்யா."

"சீல் நல்லாத் தெரியுதுங்களே சார்."

"எனக்குத் தெரியல, போ."

அவன் மேசையிலேயே மிராசின் கிரயப்பத்திரம் விரித்துக் கிடந்தது. அதிலும் மூலைக்கு மூலை மஞ்சள். செல்லாத அந்தப் பத்திரத்தின் சீல் மட்டும் அந்த நாய்க்குத் தெரிகிறது.

அவனிடம் "சரிங்க சார்" என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து, மஞ்சள் வைத்தவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.